கட்டியங்காரன் வினாவும் நெடிய நேர்காணலும்

வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டைக் கொடைச் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே யாம் பல்லாண்டு பயிற்றி வந்தோம். கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி, அப்பாட்டில் வேட்டுவனாகக் காட்டில் எதிர்ப்படுகின்றான். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கின்றது. அதனைக் கண்ட பாணர் தலைவன், இவன் ஊன் விற்று வாழ்பவனாகத் தோன்றவில்லையே, ஓரிதானோ அல்லனோ என்று ஐயுறுகின்றான். ஐயுற்றவன் 'நீ யார்?' என்று கேட்டானா எனின், இல்லை. முழவு முழங்கவும் யாழ் இசைக்கவும் ஏவி, விறலியரோடு பாடுகின்றான். இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடித்துக் 'கோ' என்று விளித்த அளவில், அது தன் பெயர் ஆதலின் வேட்டுவன் நாணுகின்றான். அந்த நாணமே விடையாயிற்று. வந்தவர் தம் விருப்பத்தைச் சொல்லவும் விடாமல், மான் ஊனும் நறவும் அளித்து, தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் கொடுத்து விடுகின்றான்.

கலைஞர் ஒருவர் பெயர் பெற்ற மற்றொருவரை எதிர்கொண்டு, அவர் இன்னார் என்பதை அவர்தம் வாயாலேயே வெளிப்படச் செய்யும் கலை இன்று நேர்காணல் என்னும் பெயரால் வழங்குகின்றது. அதிலும் கடந்த சில ஆண்டுகளில் கருதத்தக்க ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. வாழ்நாளெல்லாம் நகைப்பூட்டிய முதிய கலைஞர் சிலர், நகைப்பூட்டும் தொழிலை ஒருபுறம் வைத்து, ஒருவரை எதிரே அமர்த்தி ஒரு மணி நேரமோ அதனினும் மிகுதியாகவோ அமைதியாகக் கேட்கத் தொடங்கியுள்ளனர். நகைச்சுவைக் கலைஞர் அக்கலையைக் கைவிட்டு வேறு கலைக்குச் சென்றார் என்றே இதழ்கள் இதனை எழுதுகின்றன. அவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கம் எமக்குத் தோன்றிய இடமும் கொல்லிமலையே ஆகும். ஆடித் திங்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நிகழும். அவ்விழாவை ஒட்டி எம் மாணவர் சிலருடன் மலையேறினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றபோது மாணவரிற் பாதிப்பேர் மயங்கிக் கிடந்தனர் என்பது வேறு கதை. கூத்தில் நாற்பது ஆண்டு கோமாளி வேடம் கட்டிய முதியவர் ஒருவர் மலையடிவாரத்து ஊரிலிருந்து விழாவுக்கு வந்திருந்தார். அவரிடம் செய்தி திரட்டுவதற்கென 60 வினாக்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை யாமே வகுத்துக் கொடுத்திருந்தோம். பெயர், அகவை, ஆசான் பெயர், முதல் வேடம், வருவாய் என அவை வரிசையாக நின்றன. முதியவர் பன்னிரண்டு வினாக்களுக்கு ஒவ்வொரு சொல்லில் விடை கூறினார். பதின்மூன்றாம் வினாவில் எம்மைப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரே, ரேசன் கார்டுக்குக் கேக்கற மாதிரியே கேக்கறாங்களே, அரிசி எப்பப் போடுவீங்க?" என்றார். மாணவர் சிரித்தனர். யாம் பட்டியலை மடித்து வைத்தோம்.

அன்றிரவு விடுதியில் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் டேவிட் லெட்டர்மன் என்னும் அமெரிக்க நகைச்சுவையாளரின் நேர்காணல் ஒன்றை எமக்குக் காட்டினார். வெண்தாடி வளர்ந்த ஒரு கிழவர், எதிரே இருப்பவரை இடைமறிக்காமல், அவர் சொல்லின் கடைசித் துணுக்கைப் பற்றிக்கொண்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் முறையைக் கண்டோம். எம் 60 வினாக்களிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அஃது யாது என்பதை எம் இலக்கண நூல்களின் துணைகொண்டே காணலாம் என்பது எம் துணிபு.

நன்னூலார் வினா அறுவகைப்படும் என்பர். ஆசிரியன் மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. ஏனைய நான்கும் ஐயமும் கொள்ளலும் கொடுத்தலும் ஏவலும் பற்றி எழுவன. எம் பட்டியல் அறியாவினாவின் வடிவில் இருந்தது. ஆயினும் அதன் உள்ளம் அறிவினாவின் உள்ளமாகவே இருந்தது. எந்தக் கட்டத்துள் எந்த விடையை இடுவது என்பதை யாம் முன்னரே முடிவு செய்திருந்தோம். இதழாளர் பலரும் இவ்வாறே கேட்கின்றனர். 'இப்படத்தில் நடித்த துய்ப்பு எவ்வாறு இருந்தது?' என்று கேட்பவர் விடையை அறிந்தே கேட்கின்றார். சொல்பவரும் அவர் அறிந்த விடையையே திருப்பித் தருகின்றார். இருவருக்கும் இழப்பில்லை, ஊதியமும் இல்லை.

இதற்கு நேர்மாறான வினா ஒன்று நம் கூத்து மரபில் உண்டு. தெருக்கூத்தில் அரசன் திரைக்குப் பின் நின்று பாடிக்கொண்டே தோன்றுவான். கட்டியங்காரன் அவனை எதிர்கொண்டு, தாங்கள் யார், எந்நாட்டினர், இங்கு எழுந்தருளிய காரணம் யாது என்று வினவுவான். வந்தவன் துரியோதனன் என்பதை அறியாத பிள்ளையும் அவையில் இல்லை, கட்டியங்காரனும் நன்கறிவான். எனினும் அவன் கேட்டாலன்றித் துரியோதனன் தன் கதையைத் தன் வாயால் தொடங்க இயலாது. அறிந்ததை அறியாதான் போலக் கேட்கும் இவ்வினா, வடிவால் அறியாவினா, பொருளால் அறிவினா, பயனால் கொடைவினா ஆகும். அரசனுக்குப் பேசும் இடத்தைக் கொடுக்கின்றான் ஆதலின் கொடை என்றோம். அரசனை அவ்வாறு நிறுத்தி வைத்துக் கேட்கும் உரிமையை நம் முன்னோர் அமைச்சனுக்கோ புலவனுக்கோ தரவில்லை. கோமாளிக்கே தந்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. கோமாளிக்கு இழப்பதற்கு மதிப்பு ஒன்றுமில்லை. ஆதலின் அவன் எதையும் கேட்கலாம்.

எனவே நகைச்சுவைக் கலைஞர் நேர்காண அமர்தல் புதுவழி புகுதல் அன்று. பழைய பணிக்கு மீளுதலே ஆகும். எனினும், மீண்டவர் அனைவரும் வென்றாரல்லர். வென்றார்க்கும் தோற்றார்க்கும் உள்ள வேற்றுமையைத் தொல்காப்பியம் விளக்குகின்றது.

மெய்ப்பாட்டியல், நகை தோன்றுதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறுகின்றது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது உரையாசிரியர் பேராசிரியர் கருத்து. பேதைமைக்கும் மடனுக்கும் அவர் காட்டும் வேற்றுமை அதனினும் நுண்ணியது. பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, கொண்டதை விடாமை. நகைச்சுவையைப் பொருத்தவரை இது வெகுளிக் கதைமாந்தரின் இயல்பு. சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொள்ளும் வேலைக்காரனை நம் திரைப்படங்கள் எத்தனையோ முறை காட்டியுள்ளன. ஆயின் அவ்வியல்பையே நேர்காண்பவரிடம் வைத்துப் பார்க்க. எதிரில் இருப்பவர் தருவதை ஏற்றுக்கொள்ளுதல், ஏற்றதைக் கைவிடாமல் அடுத்த வினாவுக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய இவ்விரண்டன்றி நல்ல செவி என்பது வேறு யாது? நகைச்சுவையாளர் எள்ளலைத் துறந்து மடனைக் கைக்கொள்ளும்போதே நேர்காணல் கலையாகின்றது என்பது எம் முடிபு. நம் மொழியில் 'கேள்' என்னும் ஒரே சொல் வினவுதற்கும் செவிகொடுத்தற்கும் உரியதாக இருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. திருவள்ளுவர் கேள்வி என்று வகுத்த அதிகாரம் செவியைப் பற்றியதேயன்றி வினாவைப் பற்றியதன்று.

லெட்டர்மனின் வாழ்வு இவ்விரு நிலைகளையும் ஒருவரிடத்தே காண வாய்ப்பளிக்கின்றது. 1982 முதல் 2015 மே 20 வரை 33 ஆண்டு, முதலில் என்.பி.சி. நிறுவனத்திலும் 1993 முதல் சி.பி.எஸ். நிறுவனத்திலும், 6,000க்கு மேற்பட்ட இரவுகள் அவர் நிகழ்ச்சி நடத்தினார். விருந்தினர் சில மணித்துளிகள் அமர்வர். தம் புதிய படத்தைக் கூறுவர். அவரோ அவர்களை மெல்ல எள்ளுவார். அவ்வெள்ளலே அவர்தம் புகழுக்குக் காரணம். பாடகியும் நடிகையுமான செர் 1986இல் அந்நிகழ்ச்சிக்கு வந்து, தாம் நெடுங்காலம் வர மறுத்தமைக்குக் காரணம் அவருடைய இயல்பே என்பதை வன்சொல் ஒன்றால் முகத்துக்கு நேரே கூறினார். 2007இல் பாரிஸ் ஹில்டன் தம் நறுமணப் பொருளைப் பற்றிப் பேச வந்தார். லெட்டர்மன் அவருடைய சிறைவாழ்வைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். அவை அன்று ஆரவாரித்துச் சிரித்தது. அக்காட்சியை இன்று காண்போர் பலர் சிரிப்பதில்லை. சிரிக்கப்பட்டவளின் முகத்தையே பார்க்கின்றனர். கொல்லிப்பாவை நகைத்துக் கொல்லும் என்று பிற்கால வழக்கு கூறும். மேடை நகைக்கும் அவ்வியல்பு உண்டு போலும்.

2018 சனவரியில், தம் எழுபதாம் அகவையில், நெட்ஃப்ளிக்ஸ் வழியாக அவர் புதிய தொடரைத் தொடங்கினார். அடுத்து வரும் விருந்தினருக்கு அறிமுகம் வேண்டா என்பது அதன் தலைப்பின் பொருள். ஒரு பகுதிக்கு ஒருவரே விருந்தினர். முதலாமவர் முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஓபாமா. அப்பகுதியில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஓபாமாவின் விடை எதுவும் அன்று. இடையே லெட்டர்மன் அலபாமா மாநிலத்துச் செல்மா நகருக்குச் செல்கின்றார். 1965 மார்ச்சுத் திங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடந்து காவலரால் அடியுண்ட பாலத்தின்மீது, அன்று மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ் அவர்களுடன் நடக்கின்றார். பின்னர் மேடையில் ஓபாமாவிடம் தம்மைப் பற்றிச் சொல்கின்றார்: அதே 1965இல் தாம் நண்பருடன் மது அருந்துவதற்காகப் பகாமாத் தீவுகளுக்குக் கப்பலேறச் சென்றதையும், தாம் ஏன் செல்மாவில் இல்லை என்ற வினா இன்று தம்மை வருத்துவதையும், தம் வாழ்வில் நற்பேறு ஒன்றே தமக்கு உதவியது என்பதையும் கூறுகின்றார். இது வினா அன்று. எனினும் அந்நேர்காணலில் எழுந்த மிகப் பெரிய வினா இதுவே. முப்பது ஆண்டு பிறரை எள்ளியவர் அவ்வெள்ளலைத் தம்பால் திருப்புகின்றார்; ஆயினும் நகைக்காகத் திருப்பவில்லை. தன்னை எள்ளி நகுதல் என்னும் துறையில் நகை நீங்கினால் எஞ்சுவது என்ன என்பதை இங்கே காண்கின்றோம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த உக்ரைன் நேர்காணல் மற்றொரு வகையில் சிறந்தது. கீவ் நகரின் நிலத்தடித் தொடர்வண்டி நிலையத்தில் குடியரசுத் தலைவர் விளாதிமிர் செலன்ஸ்கியை அவர் கண்டார். செலன்ஸ்கியும் முன்னாளில் நகைச்சுவை நடிகர். ஆதலின் அது நகையாளர் இருவர் போரின் அடித்தளத்தில் அமர்ந்து பேசிய பேச்சாகும். செலன்ஸ்கி ஒரு நகைக்கதை சொன்னார். ஒடெசா நகரத்தார் இருவர் சந்திக்கின்றனர். உருசியா நேட்டோ நாடுகளோடு போரிடுவதாகப் பேச்சு என்கிறான் ஒருவன். போர் எந்நிலையில் உள்ளது என்று மற்றவன் கேட்க, உருசியப் படையில் பல்லாயிரவர் மாண்டனர், ஏவுகணைகள் தீர்ந்து வருகின்றன என்கிறான். நேட்டோவின் நிலை என்ன என்று கேட்டால், நேட்டோ இன்னும் வரவேயில்லை என்பது விடை. லெட்டர்மன் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க முயலவில்லை. நகைப்பூட்டுவதில் வல்லவர் மற்றவர் நகைக்கு இடம்விட்டு ஒதுங்குதல் எளிதன்று. மேடையேறிப் பேசிப் பழகிய எம் போன்றோர் அதன் அருமையை அறிவர்.

அவர்தம் தொடர் முழுவதும் இத்தகையது என்று கூறோம். 2019இல் இந்தி நடிகர் சாருக் கானை நேர்கண்ட பகுதியில், பெருநாளன்று மும்பையில் அவர் இல்லத்தின் முன் திரண்ட கூட்டத்தைக் கண்ட வியப்பே மேலோங்கி நிற்கின்றது. மடன் ஏற்பதோடு நின்று, ஏற்றதை ஆராயாதபோது அது வெறும் வியப்பாய் விடும். ஓரியின் முன் நின்ற பாணனும் வியந்தவனே. ஆயினும் வியப்பினூடே, ஓரியோ அல்லனோ என்ற ஐயத்தை அவன் விடவில்லை.

அமெரிக்காவில் மற்றொருவரையும் குறிப்பிடல் வேண்டும். மார்க் மேரன் என்னும் மேடை நகைச்சுவையாளர், தொழிலும் இல்லறமும் தளர்ந்திருந்த காலத்தில், 2009இல் ஒலி வடிவான நேர்காணல் தொடரைத் தொடங்கித் தம் வீட்டு வண்டிக் கொட்டகையிலேயே அதனை நடத்தினார். 2010இல் அவரோடு பேசிய நடிகர் ராபின் வில்லியம்ஸ், தம் குடிப்பழக்கத்தையும் உளச்சோர்வையும் பற்றி மனம் திறந்தார். 2014இல் வில்லியம்ஸ் மறைந்தபோது மக்கள் மீண்டும் தேடிக் கேட்டது அவ்வுரையாடலையே. 2015இல் ஓபாமா அதே வண்டிக் கொட்டகைக்கு வந்து அமர்ந்தார். 2025 அக்டோபரில் தொடர் நிறைவுற்றபோது இறுதி விருந்தினராகவும் அவரே அமைந்தார். மேரன் தம் துன்பத்தை முதலில் வைப்பார். விருந்தினர் அதற்கு ஈடாகத் தம்முடையதை வைப்பர். விடை எட்டு வகைப்படும் என்னும் நன்னூலார் அவற்றுள் உற்றதுரைத்தல் என ஒன்று கூறுவர். ஆடுவாயா என்று கேட்டால், ஆடுவேன் ஆடேன் என்னாது, உடம்பு நொந்தது என்று தனக்கு உற்றதைச் சொல்லுதல் அது. நெடிய நேர்காணல் நாடுவது இவ்விடையையே. கேட்டதற்கு நேரான விடை வந்துவிட்டால் நேர்காணல் அங்கேயே முடிந்துபோகின்றது.

இனி நம் பக்கம் வருவோம். அண்டை மொழியாகிய தெலுங்கில் நடிகர் அலியின் முயற்சி முதலில் எண்ணத்தக்கது. இராசமுந்திரியில் பிறந்த அவர், பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தெலுங்கில் எடுத்த 'சீதாகோகசிலுக' (1981) படத்தில் சிறுவனாக நடித்துப் புகழ் பெற்றவர். 'யமலீலா' (1994) படத்தில் தலைமை நடிகராக நின்றவர். எனினும் தெலுங்கு மக்கள் அவரைப் பெரிதும் நகைச்சுவையாளராகவே அறிவர். 2016இல் ஈ.டி.வி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'அலிதோ சரதாகா' நிகழ்ச்சியின் பெயர் அலியோடு களிப்பாக இருத்தல் என்று பொருள்படும். பெயரில் களிப்பு உண்டு. ஆயின், திரையுலகம் மறந்துவிட்ட முதிய கலைஞர் வந்து அமரும்போது அங்கே பல முறை கண்ணீரே மிகுந்தது. அலி அவர்களைத் தொழில்முறையில் சிறுவயது முதல் அறிந்தவர். இன்ன படப்பிடிப்பில் எனக்கு நீங்கள் சோறிட்டீர்கள் என்பது போன்ற ஒரு சொல்லால் அவர் திறக்கும் கதவை இதழாளர் பத்து வினாவாலும் திறத்தல் அரிது. குறையும் உண்டு. கண்ணீரே நோக்கமாகிவிட்ட பகுதிகளில் வினா தன் நேர்மையை இழக்கின்றது. நகைப்பூட்டும் தொழிலில் இருந்தவருக்கு அவையின் நாடி தெரியும். நகைக்கு மாறாக அழுகையை வருவித்தலும் அந்நாடியறிவின் விளைவே. எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்தல் மட்டுமே முதிர்ச்சி ஆகாது.

தமிழில் நகைச்சுவைக் கலைஞரின் பெருமை கேட்டலில் அன்று, சொல்லலில் வளர்ந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) 'நல்லதம்பி' (1949) படத்தில் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்தி ஊருக்கு அறிவு சொன்னார். சோ இராமசாமி 1970 சனவரியில் 'துக்ளக்' இதழைத் தொடங்கியபோது, மக்கள் கேட்க அவர் விடை கூறும் பகுதியே அவ்விதழின் முகமாயிற்று. இருவரும் அறிவுறுத்துவோர்; எள்ளல் அவர்களுக்குக் கருவி. இம்மரபில் வந்த விவேக் (1961–2021), மூடநம்பிக்கையையும் கையூட்டையும் எள்ளியே சின்னக் கலைவாணர் என்னும் பெயர் பெற்றார். அவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களைத் தொலைக்காட்சிக்காக நேர்கண்டது தனியே எண்ணத்தக்கது. அங்கே அவர் பெரிதும் மாணாக்கராகவே அமர்ந்தார். வழிபாடு மிகுந்த இடத்தில் வினா கூர்மை இழக்கும் என்று குறை கூறலாம். யாமும் அவ்வாறே கருதினோம். எனினும் கலாம் அவர்களோடு அமைந்த அத்தொடர்பின் பயனாக விவேக் மரம் நடும் பணியை மேற்கொண்டு, மறையும் வரை அதனை விடாமல் நடத்தினார்; நடப்பெற்ற கன்றுகள் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டன என்பர். கொண்டதை விடாமை என்று பேராசிரியர் மடனுக்குக் கூறிய இலக்கணத்துக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எமக்குத் தோன்றவில்லை. வினவச் சென்றவர் ஏவல் பெற்று மீண்டார்!

மனோபாலா (1953–2023) வேறு வகையினர். பாரதிராஜாவிடம் உதவி இயக்குநராகப் பயின்று, 'ஆகாய கங்கை' (1982) முதலாகப் பல படங்களை இயக்கி, பின்னர் மெலிந்த உடலும் விரைந்த பேச்சும் கொண்டு நூற்றுக்கணக்கான படங்களில் நகைப்பூட்டியவர். கொல்லிமலை அருவியின் பெயரும் ஆகாய கங்கையே. இஃது எமக்கு இம்மலையில் நினைவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முதுமையில் யூட்யூபில் தமக்கென ஓர் இடம் அமைத்து, அங்கே நகைத் துணுக்குகளோடு தம் காலத்துக் கலைஞரோடு உரையாடலும் நிகழ்த்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வேஸ்ட் பேப்பர்'. தம்மைக் கழிவுத்தாள் என்று கூறிக்கொண்டு கேட்க அமர்பவர் முன் யாரும் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ள இயலாது. அதற்கு வேண்டிய தேவையும் எழாது. கட்டியங்காரன் கிழிந்த குல்லாயை அணிந்து அரசன்முன் நிற்பதன் உட்பொருளும் இதுவே. ஆயினும் மனோபாலாவின் உரையாடல்களில் ஒரு தளர்ச்சி உண்டு. நண்பரோடு நண்பர் பேசும்போது இருவருக்கும் தெரிந்தவை சொல்லாமலே விடப்படுகின்றன. 'அன்று நடந்ததுதான் உனக்குத் தெரியுமே' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்துத் தலையசைத்தால் கேட்போராகிய யாம் வாயிலுக்கு வெளியே நின்று விடுகின்றோம். அறிந்தும் அறியாதான் போலக் கேட்டல் கட்டியங்காரனின் தலையாய கடமை. அன்பு மிகுந்த இடத்தில் அக்கடமை நழுவுகின்றது.

அக்கடமையில் நழுவாதவர் சித்ரா லட்சுமணன். அவரை முழு நகைச்சுவையாளர் என்றல் பொருந்தாது. இதழாளராகவும், 'மண்வாசனை' (1983) போன்ற படங்களின் தயாரிப்பாளராகவும், இயக்குநராகவும் இருந்து, 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010) போன்ற படங்களில் நகை கலந்த வேடங்களில் பலருக்கு அறிமுகமானவர். (அலி, மனோபாலா, சித்ரா லட்சுமணன் ஆகிய மூவரும் பாரதிராஜாவின் வட்டத்தோடு தொடர்புடையோராக அமைந்தது தற்செயலே, அதனைக் கொண்டு கொள்கை ஒன்று கட்ட யாம் துணியோம்.) தேநீர்க் கோப்பையோடு அவர் நடத்தும் 'சாய் வித் சித்ரா' உரையாடல்கள் ஒரே கலைஞருக்குப் பல பகுதிகளாக நீள்வன. இன்ன ஆண்டில் இன்ன படம், அதற்கு முன் இது, பின் இது என்று காலநிரலை அவர் கையில் வைத்திருக்கின்றார். எனினும் அதனைச் சொல்லாமல், விருந்தினர் சொல்லுமாறு விடுகின்றார். நகை குறைவு. உணர்ச்சியும் அளவோடு நிற்கும். திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவ்வுரையாடல்கள் பயன்படுமளவுக்கு மற்றவை பயன்படா என்பதை மறுக்க இயலாது. இவற்றில் எமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்றே: கேட்பவர் தம்மை ஒருபோதும் பணயம் வைப்பதில்லை. ஆதலின் செய்தி நிரம்பக் கிடைக்கின்றது. ஓரியின் நாணம் கிடைப்பது அரிதாகின்றது.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று எம் நண்பர் ஒருவர் கேட்டார். சந்திரபாபு 1974இலும் நாகேசு 2009இலும் மறைந்தனர். அவர்தம் உடலசைவும் பேச்சும் படச்சுருள்களில் உள்ளன. ஆயின், அவ்வசைவை எங்கிருந்து கற்றனர், எதனை அஞ்சினர், எந்த நகை தமக்கே பிடிக்காமல் போயிற்று என்பவற்றை ஒருவர் பொறுமையாக உடனிருந்து கேட்ட நெடிய பதிவு நமக்கு எத்துணை உண்டு? கவுண்டமணி நேர்காணல்களை நாடாதவர் என்பதை அனைவரும் அறிவர். அவர் நாடாமைக்குக் கேட்போரின் வினாமுறையும் ஒரு காரணமாகலாம் என்று யாம் ஐயுறுகின்றோம். நகைப்பூட்டியோர் வரலாற்றை நகைப்பூட்டியோரே கேட்டறிதல் இயலும். மற்றையோர் கேட்டால் அவர்கள் நகைப்பூட்டித் தப்பித்துக்கொள்வர். ரேசன் அரிசி கேட்ட கோமாளி எம்மிடமிருந்து தப்பியது அவ்வாறுதான்.

மூன்று திங்கள் கழித்து அவரைக் காணக் காரவள்ளிக்கு அண்மையிலுள்ள அவர் ஊருக்கே சென்றோம். இம்முறை பட்டியல் இல்லை. எம்முடன் வந்த மாணவருள் ஒருவர், பள்ளி நாடகத்தில் கோமாளியாக நடிக்கப்போய், மேடையில் உரை மறந்து நின்று, ஊரார் சிரித்ததைக் கண்டு அழுததை எவரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். முதியவர் வெற்றிலையை மடித்தவாறு கேட்டிருந்தார். சொல்லி முடித்ததும், "அழுதது சபைக்குத் தெரிஞ்சுதா கண்ணு?" என்றார். தெரிந்தது என்றார் மாணவர். "அப்பத்தாங் கண்ணு நீயி கோமாளி" என்று சொல்லி, தம் மகன் இறந்த செய்தி வந்த இரவில் விடியும்வரை வேடத்தைக் கலைக்காமல் ஆடியதை அவர் கூறலானார். யாம் பட்டியலில் எழுதியிருந்த ஆசான் பெயரும், முதல் வேடமும், வருவாயும் அதனிடையே தாமாகவே வந்து விழுந்தன. மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தியபோது அவர் எம்பக்கம் திரும்பி, "இத்தன நேரம் நானே பேசிட்டனே, நீங்க எந்த ஊருங்க, எதுக்குங்க வந்தீங்க?" என்று கட்டியங்காரன் குரலில் கேட்டார். மாணவர் அனைவரும் எம்மைப் பார்த்தனர். யாம் எம் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கினோம்.